நடுக்கடலில் வளர்ந்த பணம்

படகு அபயாங் தீவை விட்டு வெகுதூரம் வந்திருந்தது. பின்னால் தென்னைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தன. முன்னால் தராவா இன்னும் எழவில்லை. இரண்டு தீவுகளுக்கும் நடுவே கடலும் வெளிச்சமும் மட்டுமே இருக்கும் அந்த நேரத்தில் ரினேதா கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. ஆனால் பவளம் என்ற செயலிக்குள் அவளுடைய பணம் வளர்ந்துகொண்டிருந்தது.

டாலர்கள் அசையவில்லை. சென்ட்டுகளுக்கும் பின்னால் வால்போல நீண்டிருந்த குட்டி இலக்கங்கள்தான் ஓடின. ஆழமில்லாத தண்ணீரில் மீன்குஞ்சுகள் திரும்புவதுபோல ஒன்று மற்றொன்றாகி, அதுவும் வேறொன்றாகியது. ஒரு வருடமாக அவள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சோறு வேகும்போது பார்ப்பாள். மழை வராத சாயங்காலங்களில் பார்ப்பாள். பார்த்தால் மனம் மிதக்கும். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அது அவளை உறுத்தியது.

ரினேதாவுக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. விடிந்ததும் பலூன் விடுவது அவள் பொறுப்பு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி பலூனுக்குக் கீழே தொங்கும். பலூன் மேலே போகப் போக, அங்கே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம், காற்று எவ்வளவு கனம் என்று அந்தக் கருவி வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். அது சொல்லச் சொல்லக் கீழே திரையில் எண்கள் மாறும். ரொம்ப உயரத்துக்குப் போனதும் பலூன் வெடிக்கும். கருவி எங்கோ கடலில் விழும். திரையில் எண்கள் நின்றுவிடும். பேசுகிறவர் வாயை மூடினால் கேட்கிறவருக்குச் செய்தி வராது. அவ்வளவு எளிய விஷயம்.

அப்படியென்றால் இந்த நடுக்கடலில், ஒரு சிக்னலும் எட்டாத இடத்தில், பணம் ஏறிவிட்டது என்று இந்தக் கைப்பேசிக்கு யார் சொல்கிறார்கள்?

"என்ன அண்ணி, மறுபடியும் அதுக்கு முத்தம் குடுக்கப் போறீங்களா?" என்றாள் சினியா. ரினேதாவின் கணவன் பௌரோவின் தங்கை அவள். எதிர்ப்பலகையில் ஒரு துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படகை ஓட்டிய தெக்காய் திரும்பாமலே சிரித்தார். "பௌரோ கப்பல்ல மீன் பிடிக்கிறான். அவன் பொண்டாட்டி போன்ல மீன் பிடிக்கிறா. ரெண்டு பேர்ல யாருக்கு ஜாஸ்தி மாட்டுதுன்னுதான் தெரியல."

"மாமா, நீங்க எஞ்சினப் பாருங்க. போன வாட்டி மாதிரி பாதி வழியில துடுப்பக் கையில குடுத்துராதீங்க," என்றாள் ரினேதா.

"அன்னைக்கு எண்ணெய்ல தண்ணி கலந்திருந்துச்சும்மா! அதுக்கு நான் என்ன பண்றது?"

ரினேதா கைப்பேசியைச் சினியாவின் பக்கம் நீட்டினாள். "இங்க சிக்னல் இல்ல. ஆனா ஏறுது, பாரு."

"ஏறினா நல்லதுதானே?"

"எப்படி ஏறுதுன்னு கேக்குறேன்."

"என்னையா கேக்குறீங்க? வானத்துக்குப் பொட்டி அனுப்புறது நீங்களா நானா?"

மடியிலிருந்த பையில் சினியாவின் சேமிப்பு இருந்தது. சட்டை தைத்து விற்ற பணமும் கொப்பரை விற்ற பணமும். அதைக் கேட்டு வாங்கத்தான் ரினேதா அபயாங்குக்குப் போயிருந்தாள். சினியா முகம் சுளிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்து 'புபுசி', அதாவது 'இதை எனக்குத் தா', என்று கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்வதற்கில்லை. வலையோ சைக்கிளோ பன்றியோ சம்பளமோ, கையில் இருந்தால் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் அந்த வெட்கம் குடும்பத்தின் மேலே உப்புப்போலப் படிந்துவிடும். கொடுத்தவருக்கும் ஒரு நாள் வலை கிழியும். அன்றைக்கு அவர் போய்க் கேட்பார். இப்படிப் பொருள்கள் வீடு வீடாக நடந்துகொண்டே இருப்பதால்தான் விளைநிலமே இல்லாத எங்கள் தீவுகளில் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

மாதச் சம்பளக்காரருக்குத்தான் இதில் சிரமம். வலை கேட்டால் வலை போகும்; அடுத்த வலை பின்னலாம். சம்பளம் எந்த நாளில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ரினேதாவின் வீட்டுக் கிணற்றில் பெரிய அலை ஏறி வந்ததிலிருந்து உப்பு. தேநீர் போட்டால் கடல் ருசிக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதில்லை. கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி வேண்டும். அதற்காக அவள் சேர்ப்பதும், யாராவது ஒரு சித்தப்பா மகன் புன்னகையோடு வாசலில் வந்து நிற்பதும் மாறி மாறி நடந்தன. ஒரு முறை தொட்டியின் விலைக்கு மிக அருகே வந்துவிட்டாள். அந்த வாரம் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தது; சேர்த்ததெல்லாம் அதற்குப் போயிற்று.

பவளம் வந்தது அப்போதுதான். தேவாலயப் பாடகர் குழுவின் இணையப் பக்கத்தில் மார்ட்டின் என்று ஒருவர் அறிமுகமானார். பிரிஸ்பேனில் இருப்பதாகச் சொன்னார். அவளைச் சிஸ்டர் என்று அழைத்தார். பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி விசாரித்தார். பவளத்தில் போட்ட பணம் ஒரு வருடத்துக்குப் பூட்டியிருக்கும், போட்டவரே நினைத்தாலும் எடுக்க முடியாது என்று விளக்கினார். வேறு ஊர்க்காரர்கள் இந்த இடத்தில்தான் எழுந்து ஓடியிருப்பார்கள். ரினேதா இந்த இடத்தில்தான் விழுந்தாள். இனி அவள் யாருக்கும் மறுக்க வேண்டியதில்லை. "பூட்டியிருக்கு" என்று சொல்லிக் கைப்பேசியைக் காட்டினால் போதும். வந்தவர்கள் ஓடும் இலக்கங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, வருத்தமில்லாமல் எழுந்து போனார்கள். சிலர் தாங்களும் போடலாமா என்று கேட்டார்கள்.

தொடக்கத்தில் மார்ட்டின் இருபது டாலரை அன்பளிப்பு என்று திருப்பி அனுப்பியிருந்தார். அந்த இருபதுதான் அவளை முழுசாக நம்பவைத்தது. அது அவளே அனுப்பிய பணத்தின் ஒரு துண்டாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருக்கு அனுப்பச் சொன்னார். எல்லாரும் கம்பெனியின் குமாஸ்தாக்கள் என்றார்.

இப்போது வருடம் முடிந்துவிட்டது. பூட்டைத் திறக்க ஒரு கட்டணம் கட்ட வேண்டுமாம். அவளிடம் அவ்வளவு இல்லை. அதனால்தான் சினியாவின் மடியில் அந்தப் பை.

தராவா முதலில் ஒரு கோடாக எழுந்தது, பிறகு ஒரு பச்சைத் தையலாக. துறைமுகம் நெருங்கியதும் கைப்பேசி உயிர்பெற்றுத் துடித்தது. மார்ட்டினின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. சிஸ்டர், எங்கே இருக்கிறீர்கள். சிஸ்டர், இன்று மாலைக்குள் கட்ட வேண்டும். சிஸ்டர், இல்லையென்றால் இன்னொரு வருடம் பூட்டிக்கொள்ளும், என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

"பாவம், தூங்கவே மாட்டாரு போல," என்றாள் சினியா.

பணம் அனுப்பும் கடைக்கு முன்னால் ஓர் ஈரப்பலா மரம் நிற்கிறது. அதன் நிழலில் பலகையில் உட்கார்ந்தார்கள். உள்ளே கவுண்ட்டரில் இரண்டு பேர் நின்றார்கள். இலைகளுக்கு நடுவே வெயில் காசுகாசாக விழுந்து மண்ணில் ஆடியது. சினியா பையை நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணி. முடிச்சுட்டு வாங்க. எனக்குப் பசிக்குது."

ரினேதாவின் கை அதை வாங்கப் போய், பாதியில் நின்றது. "இரு. அந்த எண் எப்படி ஓடுச்சுன்னு தெரியணும்."

"இப்பவா?"

"இப்பத்தான். அனுப்பிட்டா அப்புறம் தெரிஞ்சு என்ன?"

அலுவலகத்தில் ஒரு கருவி விசித்திரமாக எதையாவது சொன்னால், அதை உதறவோ திட்டவோ கூடாது. முதலில் அதன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பாதிக் குழப்பங்கள் அங்கேதான் பிறக்கும். ரினேதா கைப்பேசியின் தொடர்பை முழுக்க அணைத்தாள். இனி வெளியுலகம் அதனோடு பேச முடியாது. பிறகு தேதியை மாற்றும் இடத்துக்குப் போனாள். அடுத்த வருடத்தைத் தொட்டாள். பவளத்தைத் திறந்தாள்.

பணம் குண்டாகியிருந்தது.

ரினேதா இன்னும் பத்து வருடம் தள்ளினாள். எண் அகலமாகித் திரையின் ஓரத்தை முட்டியது. இன்னும் தள்ளினாள். மரநிழலில் உட்கார்ந்தபடியே அவர்கள் வருடங்களைக் கடந்துபோனார்கள். ரினேதாவின் பிள்ளைகள் வளர்ந்து தலை நரைத்தார்கள். பௌரோ கப்பலிலிருந்து இறங்கி வந்து முற்றத்தில் வலை பின்னினான். ஒவ்வொரு வீட்டின் ஓரத்திலும் வெள்ளைத் தொட்டிகள் நிலாக்கள்போல முளைத்தன. எல்லாவற்றிலும் இனிப்பான தண்ணீர் தளும்பியது. கடல் எங்கோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்று சினியா கிசுகிசுத்தாள், "நாம ரெண்டு பேரும் செத்தே போயிருப்போம். ஆனா எவ்வளவு பணக்காரங்க!"

"பின்னாடி போய்ப் பாப்போமா?"

தேதியைப் பின்னால் இழுத்தாள். தொட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்றைய தேதியைக் கடந்தாள். போன வருடத்தைக் கடந்தாள். மார்ட்டினை அறியாத, கிணறு உப்பாகாத நாட்களுக்கும் பின்னால், அவள் மூத்த மகள் பிறந்த வருடத்துக்குப் போய் நின்றாள். பவளத்தைத் திறந்தாள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றது.

சினியா குனிந்து பார்த்தாள். "அப்படின்னா, அப்போ நீங்கதான் அவங்களுக்குக் குடுக்கணுமா?"

"அப்போ இந்த ஆப்பே எனக்குத் தெரியாது."

"தெரியாமலே கடனா! எங்க மாமியார்கூட இவ்வளவு மோசமில்ல."

சிரிப்பு அடங்கியதும் ரினேதாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, தண்ணீர் வற்றிய பிறகு பவளத்திட்டு தெரிவதுபோல. செயலிக்குள் இருப்பது மூன்றே விஷயம்: எவ்வளவு போட்டாள், எந்த நாளில் போட்டாள், ஒரு நாளைக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும். அது கைப்பேசியின் கடிகாரத்தைப் பார்க்கிறது, எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பெருக்குகிறது, போட்டதோடு கூட்டிக் காட்டுகிறது; நாள் பின்னால் போனால் கழிக்கிறது. பிரிஸ்பேனிலிருந்து யாரும் அதனோடு பேசவில்லை. எந்தச் சந்தையும் பேசவில்லை. பலூனே விடாமல் திரையில் வானிலை எழுதிய கதை. கடிகாரத்துக்கு வேண்டியது மின்கலம் மட்டும் என்பதால் நடுக்கடலிலும் அது நிற்கவில்லை.

"சரி," என்றாள் சினியா மெதுவாக. "போன் சும்மா கணக்குப் போடுது. ஒத்துக்குறேன். ஆனா நெஜப் பணம் அங்க தனியா இருக்கலாம்ல? இது ஒரு குத்துமதிப்புக்குக் காட்டுறதா இருக்கலாம்."

கேள்வி நியாயமானது. நல்ல வங்கிகூட, இவ்வளவு சேரும் என்று உத்தேசமாக ஒரு கணக்கைக் காட்டலாம். கடிகாரம் காட்டிக்கொடுத்தது ஒன்றைத்தான்: திரையில் ஓடிய எண் பணமில்லை. பணம் வேறெங்காவது இருக்கிறதா என்று கடிகாரத்தால் சொல்ல முடியாது. ரினேதா கடையின் கதவைப் பார்த்தாள். கவுண்ட்டரில் இப்போது யாருமில்லை. ஒரு வருடம் நம்பிய மனம் அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எழுந்து நடக்கப் பார்த்தது. இந்தக் கடைசிப் பையையும் அனுப்பினால் எல்லாம் திரும்பி வந்துவிடலாம். தொட்டி வந்துவிடலாம். அனுப்பாவிட்டால், ஒரு வருடமாக அனுப்பியதெல்லாம் போயிற்று என்று இந்த நிமிஷமே ஒத்துக்கொள்ள வேண்டும்.

சினியா அவள் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "தேதியச் சரியா வெச்சு, சிக்னலப் போடுறேன். கேட்டே பாத்துரலாம்."

"என்ன கேப்ப?"

"புபுசிதான். வேற என்ன?"

ஒரு விரலால் அழுத்தி அழுத்தி எழுதினாள். மார்ட்டின், எங்களிடம் பணமில்லை. உள்ளே எங்கள் பணம் நிறைய இருக்கிறதே, அதிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

பதில் உடனே வந்தது. அப்படிச் செய்ய முடியாது சிஸ்டர், விதி. கட்டணம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

"விதியாம்," என்றாள் சினியா. மறுபடி எழுதினாள். கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கழித்துக்கொள்ளுங்கள்.

முடியாது சிஸ்டர்.

பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர், உங்களுக்கு நம்பிக்கை குறைகிறது. மாலைக்குள் அனுப்புங்கள்.

சினியா நாக்கைக் கடித்துக்கொண்டு கடைசியாக எழுதினாள். எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியின் விலை மட்டும் போதும்.

இந்த முறை பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று. முதலில் கட்டணம், சிஸ்டர்.

சினியா கைப்பேசியைப் பலகையில் வைத்தாள். கேலியெல்லாம் போய், அவள் குரல் தணிந்திருந்தது. "அண்ணி, பன்றி வெச்சிருக்கவன்கிட்ட போயி, பன்றிய நீயே வெச்சுக்கோ, ஒரு கால் மட்டும் குடுன்னு கேட்டா, யாரா இருந்தாலும் குடுத்துருவான். இவன் என்னடான்னா, முதல்ல நீ ஒரு கால் கொண்டா, அப்புறம் பன்றியக் காட்டுறேங்குறான். இவன்கிட்ட பன்றி இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

ரினேதா தலையாட்டினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவளைப்போல, மண்ணில் ஆடும் வெயில் காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளை அசைந்தபோது அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின. பிறகு ஒரு மேகம் வந்தது.

"என்னைத் திட்டு," என்றாள்.

"திட்டுறதுக்கு முன்னாடி சோறு வாங்கிக் குடுங்க. பசியில திட்டினா சரியா வராது."

அன்றைக்கே இருவரும் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் போனார்கள். மார்ட்டினின் செய்திகளையும், பணம் போன பெயர்களையும் அங்கிருந்தவர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். திரும்பக் கிடைப்பது அரிது என்று வங்கியிலிருந்த பெண் ஒளிக்காமல் சொன்னாள். "இன்னொண்ணும் சொல்றேன்க்கா. போன பணத்த மீட்டுத் தர்றோம், அதுக்குக் கொஞ்சம் செலவாகும்னு சீக்கிரமே யாராவது வருவாங்க. அவங்களும் இவங்க ஆளுங்கதான்." சில நாளில் அப்படியே ஒருவர் வந்தார். வக்கீல் என்று சொல்லிக்கொண்டார். அவரும் சிஸ்டர் என்றுதான் ஆரம்பித்தார். ரினேதா பதில் எழுதவில்லை.

அன்று, பணம் இனி வேண்டாம் என்று ரினேதா சொன்னபோது, சினியா பையை அவள் கையில் திணித்தாள். கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது, கொடுத்தது கொடுத்ததுதான் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இருவரும் நேராகக் கட்டுமானச் சாமான் கடைக்குப் போனார்கள். பெரிய தொட்டிக்குப் பணம் போதவில்லை. சின்னதாக ஒன்று வாங்கித் தெக்காயின் மச்சானுடைய லாரியில் ஏற்றி வந்தார்கள். பணமாக வைத்திருந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள். தொட்டியாக்கிவிட்டால் தண்ணீரைத்தான் கேட்பார்கள். தண்ணீரைக் கொடுக்க ரினேதாவுக்குச் சந்தோஷம்.

மழை வந்தபோது கேட்கவும் வந்தார்கள். பாத்திரங்களோடு வந்தவர்களில் ஒருத்தி கைப்பேசியையும் கொண்டுவந்திருந்தாள். ரினேதாவின் பெரியம்மா மகள் அவள். வேறு பெயரில் ஒரு செயலி, அதே மாதிரி ஓடும் இலக்கங்கள், திறப்பதற்கு ஒரு கட்டணம்.

"இது வேற கம்பெனி, ரினேதா. இவங்க நல்லவங்க. எனக்கு முப்பது டாலர் திருப்பி அனுப்பினாங்க தெரியுமா?"

ரினேதா அவள் பாத்திரத்தைக் குழாயடியில் வைத்து நிரப்பினாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி சொன்னாள்.

"அந்த முப்பது உன் பணம்தான், அத விடு. கட்டணத்த வெளியிலேர்ந்து அனுப்பாத. உள்ள காட்டுற பணத்துலேர்ந்தே கழிச்சுக்கிட்டு மீதிய உன் வங்கிக் கணக்குல போடச் சொல்லு. போட்டாலும் உடனே நம்பிடாத, புதுசா எதையும் அனுப்பாம மிச்சத்தையும் எடுத்துரு. கழிக்க முடியாதுன்னு சொன்னா, அங்க பணம் இல்ல. அதுக்கப்புறம் ஒரு சென்ட்கூட அனுப்பாத."